ஃப்ளைட் சிம்ல விஆர் திக்குதா? மொதல்ல யாரு லேட்டா வாரான்னு பாருங்க

எங்க மாமா பொதுப்பணித் துறைல லஸ்கரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கன்னடியன் கால்வாய்ல வேலை. ஷட்டர் தூக்க, எறக்க, காலைல தண்ணி அளவு பாத்து நோட்டுல எழுத, கரையோட நடந்து எங்கயாச்சும் ஒடப்பு இருக்கான்னு பாக்கன்னு முப்பது வருசத்துக்கு மேல தாமிரபரணி தண்ணியோடயே கெடந்தவரு. ஆத்துல எட்டு அணைக்கட்டு இருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் மேக்கேருந்து கெழக்க வரிசையா சொல்லுவாரு. ஆனா எல்லாத்தையும் கரைல நின்னுதான் பாத்துருக்காரு. எட்டையும் மேலேருந்து ஒரே மூச்சுல பாக்கணும்னு அவருக்கு ஒரு ஆசை, ப்ளேன்ல ஏறினதே கெடையாது, ஏறினாலும் எந்த ப்ளேன் ஆத்தோட போவப்போவுது?

என்கிட்ட கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டுற மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 இருக்கு, போன வருசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு குவெஸ்ட் 2, தலைல மாட்டிப் பாக்குற விஆர் ஹெட்செட், வாங்கினேன். சிஸ்டம் ரைசன் 5 5600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 16 ஜிபி ரேம். மானிட்டர்ல நல்லாவே ஓடும். அதனால ஒரு ஞாயித்துக்கெழம பாளையங்கோட்டைல எங்க வீட்டு மாடிக்கு மாமாவ வரச்சொல்லி, சேர்ல உக்கார வச்சு, தலைல மாட்டி விட்டேன். ப்ளேன் செஸ்னா 172, எறக்கை மேல இருக்கும், அதனால ஜன்னல் வழியா கீழ நல்லா தெரியும். உலக மேப்புல பாபநாசத்துக்கு மேல ஒரு புள்ளி வச்சா ஆகாசத்துலேருந்தே ஆரம்பிச்சுக்கலாம், 3,000 அடில கெழக்க பாத்து உட்டேன்.

கோடைமேலழகியானப் பாத்ததும் கைய நீட்டுனாரு. நதியுண்ணிக்கு வரும்போது தலைய ஜன்னல் பக்கம் சாய்ச்சாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. "மாமா, தலை சுத்துதா?"ன்னு கேட்டேன். "ஏலே மருமவனே, ரெக்கையத் தாங்குற கம்பி ரெண்டா தெரியுதுலே. ஆறு நல்லாத்தான் இருக்கு, கம்பிதான் நடுங்குது"ன்னாரு. அடுத்த நிமிசம் மாட்டினதக் கழத்தி என் கைல குடுத்துட்டு கண்ண மூடிக்கிட்டாரு. அவரு வேலை பாத்த கன்னடியன் வாரதுக்கு ஒண்ணு ரெண்டு நிமிசம்தான் இருந்துச்சு. அத்தை சுக்குக்காப்பி போட்டுக் குடுத்துட்டு, "அவியளுக்கு பஸ்ல போனாலே கொமட்டும், உனக்குத் தெரியாதாலே"ன்னு என்னைய ஒரு பார்வை பாத்தாவ. அன்னைக்கி ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அடுத்த ரெண்டு வாரம் நான் செஞ்சது முழுக்க தப்பு, அத ஏன் வெவரமா சொல்லுதேன்னா இப்ப இதப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேரு அதத்தான் செஞ்சுக்கிட்டு இருப்பீய. செட்டிங்ஸ்குள்ள போய் எல்லாத்தையும் கொறச்சேன். மேகம் லோ, மரம் லோ, நெழல் ஆஃப், தண்ணி லோ, டெக்ஸ்சர் லோ, படத்த எத்தன புள்ளில வரையணும்னு சொல்ற ரெண்டர் ஸ்கேல் 100லேருந்து 70. இந்த வீடியோல ஒருத்தரு சொன்னாரு, அந்த வீடியோல இன்னொருத்தரு சொன்னாருன்னு ஒரே நேரத்துல பத்து மாத்தம். ஆறு சேத்துத் தண்ணி மாதிரி ஆச்சு, வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியல, ஆனா திக்குறது மட்டும் அப்படியே இருந்துச்சு. படத்த இவ்வளவு கெடுத்த பொறவும் திக்குதுன்னா படம் வரையுறவன் மேல தப்பு இல்லைங்கிறது அப்பவே புரிஞ்சிருக்கணும்.

கொஞ்சம் கணக்கு சொல்லுதேன், இது புரியாம மேல போக முடியாது. மானிட்டர்ல 40 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 40 படம், வந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது. ஹெட்செட் அப்படி இல்ல, 72 ஹெர்ட்ஸ்ல வச்சா ஒவ்வொரு 13.9 மில்லி செகண்டுக்கும் ஒரு படம் வேணும், 90 ஹெர்ட்ஸ்னா 11.1. குவெஸ்ட் 2ல ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 புள்ளி, ரெண்டு கண்ணுக்கும் சேத்து 70 லட்சம் புள்ளி, ஃபுல் எச்டி மானிட்டருக்கு 20 லட்சம் சொச்சம்தான். அதுலயும் லென்ஸ் வளைவ சரிக்கட்ட பேனல்ல இருக்கதவிட கூடுதலா வரையணும். படம் நேரத்துக்கு வரலேன்னா ஹெட்செட் சும்மா நிக்காது, பழைய படத்தயே எடுத்து நம்ம தலை எவ்வளவு திரும்பிச்சோ அவ்வளவு திருப்பிக் காட்டும். தூரத்துல இருக்க ஆறு, மலை இதெல்லாம் அந்த வித்தைல சரியா நிக்கும். ஆனா நாம தலைய சாய்க்கும்போது, முன்னால குனியும்போது, பக்கத்துல இருக்க சாமான் எடம் மாறணும்லா, அது பழைய படத்துல இருக்காது. அதனால ஜன்னல் சட்டம், எறக்கைக் கம்பி இதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும்.

மாமா சொன்னது அப்படியே இதுதான். ஆறு நல்லாருக்கு, கம்பி ரெண்டா தெரியுது. அவரு ஒரே வரில நோயைச் சொல்லிட்டாரு, எனக்குத்தான் அத வாசிக்கத் தெரியல. கண்ணு அசையுதுங்குது, காதுக்குள்ள இருக்க உறுப்பு நீ சேர்ல சும்மா உக்காந்துருக்கன்னு சொல்லுது, ரெண்டுக்கும் ஏற்கெனவே தகராறு, அதுல படமும் லேட்டா வந்தா வயசானவுக தாங்கமாட்டாவ.

சரி, படம் லேட்டு. யாரால லேட்டு? இந்தக் கேள்விய கேக்காம ஒரு செட்டிங்கயும் தொடாதீங்க. சிபியு ஒவ்வொரு படத்துக்கும் ப்ளேன் எங்க இருக்கு, காத்து எப்படி, கீழ எந்த மரம், எந்த வீடு, எல்லாத்தையும் கணக்குப் போட்டு ஜிபியுகிட்ட, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுகிட்ட, குடுக்கும், ஜிபியு வரையும், அப்புறம் அது கேபிள் வழியா சுருக்கி அனுப்பப்பட்டு ஹெட்செட்ல விரியும். மூணு எடம். எங்க அடைப்புன்னு தெரியாம எல்லா மடையையும் தோண்டக் கூடாது.

பாக்குறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஆப்ஷன்ஸ்ல டெவலப்பர் மோட ஆன் பண்ணினா மேல ஒரு மெனு வரும், அதுல டிஸ்ப்ளே எஃப்பிஎஸ்னு இருக்கும். அந்தப் பொட்டில லிமிடெட் பை மெயின்த்ரெட்னு போட்டிருந்தா சிபியு லேட்டு, ஜிபியுன்னு போட்டிருந்தா கார்டு லேட்டு, பக்கத்துலயே எத்தன மில்லி செகண்டுன்னும் இருக்கும். ரெண்டாவது வழிக்கு ஒண்ணுமே வேணாம். ரெண்டர் ஸ்கேல அப்படியே பாதியாக்கிப் பாருங்க. புள்ளி எண்ணிக்கை நாலுல ஒண்ணா கொறஞ்சும் எஃப்பிஎஸ் அசையலேன்னா அது ஜிபியு இல்ல.

எனக்கு மெயின்த்ரெட்னு செவப்புல நின்னுச்சு. 34 மில்லி செகண்ட், நடுநடுவுல 50க்கு எகிறுது. ஜிபியு 12. எனக்கு மனசே விட்டுப் போச்சு, ரெண்டு வாரமா அந்தக் கார்டு பாதிக்கு மேல சும்மா உக்காந்துருக்கு, நான் அதுக்கு மேலயும் வேலைய கொறச்சுக்கிட்டே இருந்துருக்கேன்.

இந்த எடத்துல மாமாகிட்ட பேசுனது உதவிச்சு. அவரு வீட்டுக்குப் போய் நடந்ததச் சொன்னேன், கம்ப்யூட்டர் வெவரம் அவருக்குத் தெரியாது, ஆனா நான் ஒரே நாள்ல பத்து மாத்துனேன்னதும் நிமிந்து உக்காந்துட்டாரு. "ஆத்துல தண்ணி ஏறிச்சா எறங்கிச்சான்னு எப்படிலே தெரியும்? ஒரே கல்லு, ஒரே நேரம். காலைல ஆறு மணிக்கு அந்தக் கல்லுல பாத்து எழுதுவேன். ஒரு நாளு மேல நின்னு பாத்து, ஒரு நாளு கீழ நின்னு பாத்தா அது கணக்கால?" அப்படின்னாரு. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு போட்டேன். நதியுண்ணிக்கு மேல 3,000 அடில ப்ளேன நிறுத்தி ஒரு ஃப்ளைட்டா சேவ் பண்ணிக்கிட்டேன். நேரம் காலை 10. வானிலை லைவ் வேண்டாம், அது நாளுக்கு நாள் மாறும், க்ளியர் ஸ்கைஸ்தான். லோட் ஆனதும் ரெண்டு நிமிசம் பொறுத்து, வலது ஜன்னல் பக்கம் திரும்பி, சிபியு எவ்வளவு, ஜிபியு எவ்வளவுன்னு எழுதிக்குவேன். ஒரு தடவைக்கு ஒரு மாத்தம். கொறச்சு வச்ச செட்டிங்க எல்லாம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

மொதல்ல சிக்குனது ரேம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரின்னு போனா ஸ்பீடு 2133னு காட்டுது. நான் காசு குடுத்து வாங்குனது 3200. அப்புறம் சிஸ்டம் வெவரம் காட்டுற சிபியு-இசட் சாஃப்ட்வேரப் போட்டுப் பாத்தா சிங்கிள் சேனல்னு இருக்கு. கரண்ட ஆஃப் பண்ணி, பவர் வயர உருவிட்டு, பக்கத்துத் தகட்டக் கழத்துனேன். நாலு ஸ்லாட்டுல சிபியு பக்கமா இருக்க மொத ரெண்டுலயும் ஒட்டி ஒட்டி ரெண்டு ரேம் நிக்குது. ஒட்டி நிக்குற அந்த ரெண்டு ஸ்லாட்டும் ஒரே சேனல். ரெண்டு ரேம்தான் இருக்குன்னா சிபியுலேருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடணும், பெரும்பாலான போர்டுக்கு இதுதான், சந்தேகம்னா மதர்போர்டு மேனுவல்ல படமே போட்டிருப்பான். அசெம்பிள் பண்ணின கடை இதக் கவனிச்சிருக்கணும், ரேம அதோட முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பியையும் பயாஸ்ல ஆன் பண்ணாம விட்டுட்டாவ. ரெண்டு வருசமா ரெட்டை ரோட்டுல ஒரு பக்கத்த அடைச்சு வச்சு, அதுலயும் மாட்டு வண்டி வேகத்துல ஓட்டிக்கிட்டு இருந்துருக்கேன். புது சிஸ்டம் வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்ததும் இந்த ரெண்டையும் பாத்துருங்க, தயவுசெஞ்சு.

கைய ஒரு தடவ கேபினட் இரும்புல தொட்டுட்டு, ஸ்லாட்டோட முனைல இருக்க க்ளிப்ப அமுக்கி ரேம எடுத்தேன். தங்கக் கலர் காலு ஓரத்துல தூசி படிஞ்சு ஒரு கோடு. அத மெல்ல துடைச்சுட்டு, நடுவுல இருக்க வெட்டு ஸ்லாட்டு மேட்டுக்கு நேரா வருதான்னு பாத்து, ரெண்டு கட்டை விரலையும் ரெண்டு முனைல வச்சு அமுக்கினேன், டக்னு ஒரு சத்தம் வரணும், அது வார வரைக்கும் அமுக்கணும். பயாஸ்ல எக்ஸ்எம்பிய ஆன் பண்ணி சேவ் குடுத்தா ஸ்க்ரீன் கருப்பாயிட்டு. தானா ஆஃப் ஆகி, தானா ஆன் ஆகி, திரும்பவும் ஆஃப். நெஞ்சு அடிச்சுக்குது. அது புது வேகத்துக்கு ரேமப் பழக்கிக்கிட்டு இருக்கு, அந்த நேரத்துல பயந்து போய் பவர உருவிராதீங்க, கொஞ்ச நேரம் விடுங்க. வந்துட்டு. நோட்டுல எழுதுனேன்: சிபியு 34லேருந்து 26. அந்த 50க்கு எகிறுறதும் போச்சு.

அடுத்தது டெரெய்ன் எல்ஓடி. சிபியு மேல பாரம் ஏத்துற ஸ்லைடர்ல இதுதான் பெரிய ஆளு, எவ்வளவு தூரம் வரைக்கும் நெலத்த நுணுக்கமா வச்சுக்கணும்னு சொல்றது. 200ல இருந்தத 100 ஆக்குனேன். 3,000 அடிலேருந்து பாத்தா ஆத்துல ஒண்ணும் கொறையல, தூரத்து மலை அடிவாரம்தான் கொஞ்சம் மொழுக்கா இருக்கு. சிபியு 21. ரோட்டுல ஓடுற வண்டி, ஏர்போர்ட்ல நடக்குற ஆளு இதெல்லாம் கொறச்சதுல ஒண்ணோ ஒண்ணரையோ கெடைச்சுது. காக்பிட்ல இருக்க டிஜிட்டல் ஸ்க்ரீன் எத்தன தடவ புதுப்பிக்கணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, க்ளாஸ் காக்பிட் ரிஃப்ரெஷ் ரேட், அத லோல வச்சேன். மாமாவுக்கு அந்த ஸ்க்ரீன் எதுக்கு, அவரு பாக்கப்போறது ஜன்னல்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். சாயங்காலம் ஓட்டுனா வெண்ணெய் மாதிரி போவுது. மறுநாள் மத்தியானம் அத்தைகிட்ட பெருமையா காட்டலாம்னு போட்டா, இருவது நிமிசம் நல்லா ஓடிட்டு அப்புறம் பழைய குருடி. ராத்திரி போட்டா நல்லாருக்கு. மத்தியானம் போட்டா திக்குது. கத்திரி வெயில் நேரம், எங்க மாடி ரூம் மேல நேரா கான்கிரீட் தளம், மூணு மணிக்கு செவுத்துல கை வச்சா சுடும். சூடு, வேகம் எல்லாம் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோவத் தொறந்து வச்சுக்கிட்டு ஓட்டுனேன். சிபியு சூடு 95க்குப் போய் அங்கயே நிக்குது, 4.6 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஓடிட்டு இருந்தது தன்னக் காப்பாத்திக்க 3.8க்கு எறங்கிட்டு. 95 அந்தச் சிப்புக்கு உச்ச வரம்பு.

ஃபேன எடுத்துப் பாத்தா அடில இருக்க அலுமினியத் தகடுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி அடைச்சிருக்கு, காத்து போவ வழியே இல்ல. நான் ஃபேன் மேல தூசி தெரியுதான்னு மட்டும்தான் இத்தன நாளா பாத்துருக்கேன், அது மேல சுத்தமா இருக்கும், அடில தகட்டுலதான் கெடக்கும். தெருமுக்குல டூவீலர் மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட ப்ளோயர் வாங்கியாந்து ஊதுனேன். ஊதும்போது ஃபேன ஒரு விரலால புடிச்சுக்கோங்க, அது காத்துல கண்டபடி சுத்துனா பேரிங் போவும். பழைய தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு, தொடைச்சுட்டு பட்டாணி அளவு புதுசு வச்சேன். இப்ப மத்தியானத்துலயும் 80 தாண்டல.

வெயில்னதும் இன்னொண்ணு சொல்லிருதேன், இது பெர்ஃபார்மன்ஸ் விசயம் இல்ல, ஆனா சொல்லாம விடக் கூடாது. ஹெட்செட்ட கழத்தி வைக்கும்போது லென்ஸ்ல வெயில் நேரா படுத மாதிரி வைக்காதீங்க. பூதக்கண்ணாடில காகிதத்த எரிக்கிற மாதிரி உள்ள இருக்க ஸ்க்ரீன் பொசுங்கிரும், அத சரி பண்ணவே முடியாது. நம்ம ஊரு வெயிலுக்கு கொஞ்ச நேரம் போதும். நான் ஒரு தலையணை உறைக்குள்ள போட்டுத்தான் வைக்கேன்.

மிச்சம் இருந்தது கேபிளும் ரன்டைமும். ஹெட்செட்டோட சிம் பேசுறதுக்கு ஓப்பன்எக்ஸ்ஆர்னு ஒரு பொது மொழி இருக்கு, அத யாரு நடுவுல இருந்து நடத்துறாங்கிறதுதான் ரன்டைம். குவெஸ்ட கேபிள்ல போட்டா அதச் செஞ்ச கம்பெனி மெட்டாவோட ரன்டைமே நேரா எடுத்துக்கணும். நான் முன்னால வேற ஒரு கேமுக்காக ஸ்டீம்விஆர ஆக்டிவ் ரன்டைமா மாத்தி வச்சிட்டு மறந்தே போயிட்டேன், அதனால படம் ஒரு வீடு சுத்தி இன்னொரு வீடு வழியா போயிக்கிட்டு இருந்துருக்கு. மெட்டா ஆப்ல ஜெனரல் செட்டிங்ஸ்ல திருப்பி வச்சேன், ஜிபியு பக்கம் ரெண்டு மில்லி செகண்ட் கெடைச்சுது, ஒரு க்ளிக்குல. கேபிள் முன்பக்க போர்ட்ல இருந்துச்சு, அந்த ஆப்லயே கேபிள் டெஸ்ட் இருக்கு, அதுல போட்டுப் பாத்தா யூஎஸ்பி 2 வேகம்தான் வருது. பின்பக்கம் நீல போர்ட்ல மாத்துனதும் சரியாயிட்டு.

இதுல ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா மங்கல்னா எல்லாரும் கார்டக் கொறை சொல்லுதாவ. தலைய வேகமா திருப்பும்போது தென்னந்தோப்பு, வாழை எல்லாம் கட்டம் கட்டமா, பச்சைச் சாந்த அப்புன மாதிரி ஆகி, நிறுத்துனதும் தெளிஞ்சா அது படத்த சுருக்கி அனுப்புற எடத்துல கொறை, செகண்டுக்கு எவ்வளவு தகவல் அனுப்பணும்னு சொல்ற என்கோட் பிட்ரேட்டக் கூட்டணும், வயர்லெஸ்னா ரவுட்டர் பக்கத்துல இருக்கணும், 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கணும், ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல வயர் இருக்கணும். எங்க ரவுட்டர் கீழ் வீட்டுல, அதனால நான் கேபிள்தான். அப்படி இல்லாம, கீழ இருக்க நெலம் மட்டும் மொழுகுன தரை மாதிரி இருந்து பத்து இருவது செகண்ட் கழிச்சு தெளிஞ்சா அது நெட்டு, ஏன்னா நம்ம பக்கத்து சாட்டிலைட் படம் எல்லாம் அப்பப்ப நெட்டுலேருந்துதான் வருது. காக்பிட் எழுத்து மட்டும் கோடு இழுத்த மாதிரி இருந்தா, கொறஞ்ச புள்ளில வரைஞ்சு பெருசாக்குற டிஎல்எஸ்எஸ் வேலையா இருக்கும், செட்டிங்ஸ்ல அதுக்குப் பதிலா இருக்க டிஏஏக்கு மாத்திப் பாருங்க. நல்லா ஓடிட்டே இருந்து திடீர்னு அரை செகண்ட் நின்னு நின்னு போனா கார்டோட மெமரி நெறைஞ்சிருக்கும். எனக்கு 8 ஜிபி, டெக்ஸ்சர் அல்ட்ரால வச்சா நெறைஞ்சு ஷேர்டு மெமரிக்கு வழியுது, டாஸ்க் மேனேஜர்ல கண்ணாலயே பாக்கலாம், ஹைல வச்சா வழியல.

கடைசியா எந்த எஃப்பிஎஸ் வேணும்னு முடிவு பண்ணுறது. நெறைய பேரு 90 ஹெர்ட்ஸ்ல வச்சுட்டு 45 வருமா 50 வருமான்னு போராடுதாவ. என் கணக்கு வேற. 72 ஹெர்ட்ஸ்ல வச்சு, அதுல பாதி 36ல பூட்டிட்டேன், மெட்டா ஆப்போட வார ஆக்குலஸ் டீபக் டூல்ல ஏஎஸ்டபிள்யூங்கிற வசதியக் கட்டாயமா ஆன் பண்ணி இதச் செய்யலாம். அப்ப சிம்முக்கு ஒரு படத்துக்கு 27.8 மில்லி செகண்ட் கெடைக்கும், நடுவுல வர வேண்டிய படத்த ரன்டைம் தானா இட்டுக்கட்டிக்கும். அதுல ஒரு கொறை உண்டு, சுத்துற ப்ரொப்பல்லர சுத்தி படம் ஜெல்லி மாதிரி நெளியும். முன்னால பாத்து ஓட்டுறவுகளுக்கு அது கண்ண உறுத்தும். பக்கவாட்டு ஜன்னல்ல ஆறு பாக்குறவருக்கு அது தெரியவே தெரியாது. 30லேருந்து 50க்குள்ள ஏறி எறங்குற படத்தவிட அசையாத 36 வயித்துக்கு எவ்வளவோ நல்லது, நான் ஒரு மணி நேரம் போட்டுட்டு எறங்கி நேரா சாப்பிட உக்காந்தேன், ஒண்ணும் செய்யல.

சிபியு 20ல நிக்கவும், கார்டுக்கு நெறைய எடம் இருந்துச்சு. அதனால கொறச்சதெல்லாம் திருப்பிக் கூட்டுனேன், ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல ஒரு வரி. ரெண்டர் ஸ்கேல் 100. டெக்ஸ்சர் ஹை. தண்ணி ஹை, இது ஆறு பாக்கத்தானே இவ்வளவும். மேகம் மட்டும் மீடியம், விஆர்ல கார்ட ரொம்ப தின்னுறது அதுதான். கடைசி வரி: சிபியு 20.5, ஜிபியு 24.

மாமா வர யோசிச்சாரு. அத்தை வேண்டாம்னே சொன்னாவ. "மாமா, கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தாலும் ஒடனே கழத்திரலாம், நான் பக்கத்துலயே நிக்கேன்"னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். டேபிள் ஃபேன முகத்துக்கு நேரா வச்சேன், அது நெஜமாவே கொமட்டலக் கொறைக்கும். அதே செஸ்னா, அதே பாபநாசம், அதே 3,000 அடி, வேகம் 100 நாட்டு. நான் ப்ளேன திருப்பும்போது மாமாகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு பைய திருப்புனேன்.

நதியுண்ணில "கம்பி எப்படி இருக்கு மாமா?"ன்னு கேட்டேன். "ஒண்ணுதாம்லே இருக்கு"ன்னாரு.

கன்னடியன் வந்துச்சு. சாட்டிலைட் படம்தான, ஆத்துக்குக் குறுக்க ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்கு மேல தண்ணி தேங்கி நிக்குது, கீழ மணலும் பாறையும் திட்டுத் திட்டா. அவ்வளவுதான் தெரியும். மாமா சேர்ல இருந்து எந்திரிக்கப் போனாரு, தோளப் புடிச்சு உக்கார வச்சேன். வலது கை ஆள்காட்டி விரல் காத்துல ஒரு கோடு இழுக்குது, மானிட்டர்ல பாத்தா அந்த எடத்துலதான் கால்வாய் பிரிஞ்சு போவுது. "இங்கன தலைமடை. இங்கனதான் நான் நிப்பேன். கார் சாகுபடிக்குத் தண்ணி தொறக்கும்போது இந்த ரெண்டு பக்கமும் ஆளு நிக்கும். அந்தா அந்த வளைவுலதான் கரை ஒரு வருசம் ஒடைஞ்சுது, ராத்திரி பூரா மண்ணு மூட்ட போட்டோம்"னு சொல்லிக்கிட்டே விரல் கால்வாயோட போவுது, ப்ளேன் தாண்டிப் போயிட்டு, அவரு தலைய முழுசா பின்னால திருப்பிப் பாத்துக்கிட்டே இருக்காரு. அப்படித் தலைய திருப்புனா போன தடவை அங்கயே விழுந்துருப்பாரு. நான் ப்ளேன ஒரு வட்டம் அடிச்சு திரும்பவும் கொண்டாந்தேன். ரெண்டு வட்டம். அத்தை பக்கத்துல வந்து நின்னு மானிட்டர்ல பாத்தாவ. "எனக்குச் சோறு கொண்டாந்தது இந்தப் பாதைலதான்"னு மாமா சொன்னாரு, அத்தை ஒண்ணும் சொல்லல, சேர் முதுகுல கை வச்சுக்கிட்டே நின்னாவ.

அரியநாயகிபுரம், சுத்தமல்லி, டவுன், நெல்லையப்பர் கோயில், வண்ணார்பேட்டைப் பாலம், மருதூர்ல அணை வளைஞ்சு நீளமா கெடக்கது, ஸ்ரீவைகுண்டம். அரை மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும். டவுனுக்கு மேல சிபியு 25க்கு ஏறிச்சு, வீடு நெறைய இருக்குலா, ஆனா 27.8 தாண்டல, கம்பி நடுங்கல. ஸ்ரீவைகுண்டம் வந்ததும் அவராத்தான் கழத்துனாரு. நெத்தில பட்டை அழுத்துன தடம், அதுல வேர்வை.

"ஏழுதாம்லே வந்துச்சு"ன்னாரு. "பழவூர காட்டாம கொண்டாந்துட்ட. நீ அங்கன என்கிட்ட மோர் வேணுமான்னு கேட்டுக்கிட்டு இருந்த."

நோட்டுல பழவூர்னு எழுதி வட்டம் போட்டு வச்சிருக்கேன். வார ஞாயித்துக்கெழம அங்கேருந்து ஆரம்பிச்சு, ஸ்ரீவைகுண்டத்தத் தாண்டி புன்னக்காயல்ல ஆறு கடல்ல சேருற எடம் வரைக்கும் போகணும்னு சொல்லிருக்காரு. கடலுக்கு மேல வீடு, மரம் கெடையாது, கார்டுக்கும் பாரம் கொறையும், அங்க மட்டும் மேகத்த ஹைல வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்.